பழஞ் சவரக்கத்தியும் அதன் சித்திரமும்

மடக்குச் சவரக்கத்தியை இன்றைய இளைஞர் பலர் திரைப்படத்தில் அன்றி நேரில் கண்டிருக்க மாட்டார்கள். அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1901-இல் தமது நிறுவனத்தைத் தொடங்கி, 1904-இல் மாற்று அலகு பொருத்தும் பாதுகாப்புச் சவரக் கருவிக்கு உரிமம் பெற்றார். முதல் உலகப் போரின் இறுதியாண்டாகிய 1918-இல் அமெரிக்கப் படைவீரர்களுக்காக மட்டும் சுமார் 35 இலட்சம் கருவிகள் வழங்கப்பட்டன. போர் முடிந்து வீடு திரும்பிய வீரன் தந்தையின் மடக்குக் கத்தியை மறுபடியும் தேடவில்லை. அது பேழைக்குள் போயிற்று. பேழைக்குள் துருவும் சேர்ந்தது.

அவ்வாறு கிடந்த கத்திகளை மீண்டும் எடுத்துத் துடைத்து, தீட்டி, ஒளிபெறச் செய்யும் ஆர்வம் அண்மைக் காலமாக மேலை நாடுகளில் பெருகியிருக்கிறது. நல்ல ஆர்வம்தான். ஆயினும் இதில் ஓர் அபாயம் உண்டு. வெறுமையான அலகுள்ள கத்தியை எப்படித் தேய்த்தாலும் பெரிய இழப்பில்லை. அலகின்மீது சித்திரம் பொறித்த கத்தியோ அப்படியன்று. நூற்றைம்பது ஆண்டுத் துருவைத் தாங்கி நின்ற சித்திரம், ஆர்வமிகுந்த ஒருவரின் அரைமணி நேர உழைப்பில் அழிந்துபோகிறது. அழிந்தபின் அதை மீட்க வழியே இல்லை.

அச்சித்திரம் எவ்வாறு உண்டாயிற்று என்று அறிந்தால் இதன் காரணம் விளங்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தார் கையாண்ட முறை இது. செதுக்கிய உலோகத் தகட்டில் அமிலம் தாக்காத மையைப் பூசி, மெல்லிய தாளில் அச்செடுப்பார்கள். அத்தாளை மெருகேறிய அலகின்மேல் ஒட்டி எடுத்தால் மை அலகில் பதிந்துவிடும். பின்னர் அமிலத்தைத் தடவ, மை மூடாத இடங்களை மட்டும் அது அரிக்கும். மையைக் கழுவியதும் பளபளப்பான இடமும் மங்கிய இடமுமாகச் சித்திரம் தோன்றும். கழுகு, கப்பல், கொடி, கொடிப்பின்னல், வாழ்த்து வாசகம் எனப் பலவற்றை இவ்வாறு பொறித்தார்கள். அமெரிக்கச் சந்தைக்கென்றே கழுகுச் சித்திரத்தோடு அனுப்பிய கத்திகள் ஏராளம். செல்வர்களுக்காக, வாரத்தின் நாளுக்கொன்றாக ஏழு கத்திகளை ஒரே பேழையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் கிழமையின் பெயரைப் பொறித்தும் விற்றார்கள். சிலவற்றில் பொறித்த இடத்துக்குப் பொன்முலாமும் பூசினார்கள். ஆனால் அமிலம் அரித்த ஆழம் மயிரிழையளவே. பொன்முலாமோ அதனினும் மெல்லியது. அதற்குமேல் தேய்த்தால் எஞ்சுவது வெற்று எஃகே.

ஷெஃபீல்டு நகரத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர், 1740-களில் அந்நகரத்தின் அருகே மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை நிலைநாட்டினார். சீரான அந்த எஃகே நுண்ணிய வாயுள்ள சவரக்கத்திக்கு ஆதாரமாயிற்று. பின்னர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞரும் எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து ஆராய்ந்து, 1820-இலும் 1822-இலும் முடிவுகளை வெளியிட்டனர். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்ந்த எஃகு அவற்றுள் ஒன்று. அதன்பின் ‘வெள்ளி எஃகு’ என்று பொறித்த கத்திகள் சந்தையில் மலிந்தன. அவற்றுள் பலவற்றில் அது விற்பனைச் சொல் மட்டுமே. அதை நம்பி எவரும் வெள்ளியைத் தேட வேண்டாம்.

இந்த அழகுக்குக் கொடுக்கப்பட்ட விலையை வாசகர்கள் அறிதல் நலம். சாணைக்கல்லின்மேல் குனிந்து அலகைத் தேய்த்தவர்கள் கல்லின் தூசியையும் எஃகின் தூசியையும் நாள்தோறும் சுவாசித்தார்கள். ‘சாணைக்காரர் இளைப்பு’ என்றே அந்நோய்க்கு அவ்வூரில் பெயர். ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்னால்ட் நைட் 1830-ஆம் ஆண்டு வாக்கிலேயே இதைப் பற்றி எழுதினார். உலர்ந்த கல்லில் தேய்த்தவர்களின் சராசரி வாழ்நாள் 35 ஆண்டுகள்கூட இல்லையென்றும், ஈரக் கல்லில் தேய்த்தவர்களுக்கு அது 45 என்றும் எங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட தமது நூலில் குறித்துள்ளார். முட்கரண்டி தேய்த்தவர்களின் நிலை யாவரினும் கொடியது. சவரக்கத்தித் தொழிலிலும் உலர்தேய்ப்பு இருந்தது. நம் கைக்கு வரும் ஒவ்வோர் அலகும் அத்தகைய ஒருவரின் நெஞ்சுக்கூட்டின் அருகே உருப்பெற்றதேயாம். அதில் அம்மனிதரின் பெயர் இராது. முதலாளியின் பெயரே இருக்கும்.

ஆகவே துடைப்பதற்கு முன்னே படிக்க வேண்டும். அலகு பிடியோடு சேரும் காம்புப் பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. அங்கே மகுடத்தோடு அரசர் பெயரின் முதலெழுத்துகள் காணப்படலாம். வில்லியம் அரசரின் எழுத்தாயின் 1830-க்கும் 1837-க்கும் இடைப்பட்டது. விக்டோரியா அரசியின் எழுத்தாயின் அதற்குப் பிற்பட்டது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் பிறப்பிட நாட்டின் பெயரைப் பொறிக்குமாறு விதித்தது. ஆதலால் ‘இங்கிலாந்து’ என்றோ ‘ஜெர்மனி’ என்றோ நாட்டின் பெயர் பொறித்திருந்தால், அக்கத்தி பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியதென்று கொள்ளலாம். மங்கிய இவ்வெழுத்துகளே கத்தியின் ஞானஸ்நானப் பதிவேடு எனலாம். இவற்றின்மேல் உப்புத்தாளை வைப்பது அப்பதிவேட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

கறையில்லா எஃகை ஹாரி பிரியர்லி அதே ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913-இல்தான். அதற்கு முந்திய கத்திகள் யாவும் கரி கலந்த சாதாரண எஃகினால் ஆனவை. ஈரம் பட்டால் துருப்பிடிப்பது அவற்றின் இயல்பு. ஆனால் துருவில் இரு வகை உண்டு. செந்நிறமாய்ப் பொடிப்பொடியாக உதிர்வது உயிருள்ள துரு. அது எஃகை மேன்மேலும் தின்னும். கருஞ்சாம்பல் நிறமாய் அலகோடு ஒட்டியிருப்பது பெரும்பாலும் அடங்கிய துரு. அது ஒருவகைக் காப்பு. முன்னதைப் போக்க வேண்டும், பின்னதை விட்டுவைக்கலாம். பொறித்த சித்திரத்தின் பள்ளங்களில் தேங்கியிருக்கும் கருமையே சித்திரத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ‘படம் மங்கிவிட்டதே’ என்று வருந்துவோர் பலர்.

செய்முறை மிக எளியது, பொறுமைதான் கடினம். தையல் இயந்திர எண்ணெயை அலகில் தாராளமாகத் தடவி ஓரிரு நாள் விட்டுவைக்க வேண்டும். பின் மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டு இளகிய செந்துருவை மெல்லத் தள்ளி, பஞ்சினால் ஒற்றி எடுக்க வேண்டும். சித்திரமில்லாத பக்கத்திலும் முதுகிலும், பிடிவாதமான இடங்களில் மட்டும், மிக நுண்ணிய எஃகு நாரை எண்ணெயோடு சேர்த்துத் தேய்க்கலாம். சித்திரமுள்ள முகத்தில் குச்சியும் பஞ்சும் எண்ணெயும் போதும். பொன்முலாம் எஞ்சியிருந்தால் உலோக மெருகுப் பசையை அருகில்கூடக் கொண்டுவரலாகாது. அரித்த குழிகள் சில இருக்கத்தான் செய்யும், இருந்துவிட்டுப் போகட்டும். குழிகளை அகற்ற ஒரே வழி, சுற்றியுள்ள எஃகு முழுவதையும் குழியின் ஆழத்துக்குக் குறைப்பது. அப்போது குழியும் போகும், சித்திரமும் போகும்.

மின்விசையால் சுழலும் மெருகுச் சக்கரத்தை நான் எவருக்கும் பரிந்துரையேன். அது கத்தியைப் பறித்து வீசும் என்பது ஒரு காரணம். மற்றது, வெப்பம். மெல்லிய வாய்ப்பகுதி நொடிப்பொழுதில் சூடேறும். சுமார் 200 பாகை செல்சியசைத் தாண்டினால் எஃகில் வைக்கோல் நிறம் தோன்றும். 300-ஐ நெருங்கினால் நீலமாகும். நீலமான வாயில் கடினம் குன்றிவிட்டது. இனி அது கூர்மையை நெடிது தாங்காது.

பிடிகளைப் பற்றியும் ஒரு சொல். கொம்பு, எலும்பு, ஆமையோடு, தந்தம் ஆகியவை பழைய பிடிகள். தந்த வாணிபத்தை உலக நாடுகள் 1989-இல் உடன்பாட்டால் தடுத்துள்ளமையால், தந்தப் பிடியுள்ள கத்தியை நாடு கடந்து வாங்குமுன் சட்டத்தை விசாரிப்பது அவசியம். 1870-களுக்குப் பின் செல்லுலாய்டு வந்தது. தந்தம்போலவும் ஆமையோடு போலவும் நடிக்கும் பொருள் அது. எளிதில் தீப்பற்றும், முதுமையடைந்து சிதையும்போது அமில வாயுவைக் கக்கும். பேழைக்குள் ஒரு கத்தியின் பிடி இவ்வாறு கெட்டால், பக்கத்திலிருக்கும் நல்ல கத்திகளின் அலகும் துருவேறும். பிடியில் மயிரிழை வெடிப்புகளும், தொட்ட அலகில் திடீரென்று துருவும் கண்டால், அதை அன்றே தனியே பிரித்துவிட வேண்டும்.

மீட்ட கத்தியால் சவரம் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வாயில் வெடிப்பிருந்தால் கூடாது. அது கண்ணாடிப் பேழைக்குரியது. வெடிப்பில்லையேல் செய்யலாம். கத்தியின் முதுகே தீட்டும் கோணத்தை நிர்ணயிக்கிறது. முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படிய, முதலில் சற்றுக் கரடான கல்லிலும் பின்னர் மிக நுண்ணிய கல்லிலும் தீட்டி, இறுதியில் தோல்வாரில் முதுகு முன்செல்லும்படி இழுக்க வேண்டும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கொத்திகூல் கல் இதற்குப் பெயர்பெற்றது. பயன்படுத்துமுன் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சினால் முழுவதும் துடைத்தல் கட்டாயம். கொதிநீரில் போட்டால் கொம்புப் பிடி கோணிவிடும். ஒருவருடைய கத்தி மற்றொருவர் முகத்தில் படவே கூடாது. இரத்தத்தால் பரவும் மஞ்சட்காமாலை முதலிய நோய்களை எண்ணியே முடிதிருத்தகங்களிலும் அலகு மாற்றும் கத்திகள் வந்தன.

இத்தொழிலின் சிறந்த படைப்புகளைக் காண விரும்புவோர் ஷெஃபீல்டின் கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலுள்ள அலகுகளின் அருங்காட்சியகமோ, கிரேஃப்ராட் பகுதியில் ஒருகாலத்தில் அகுஸ்தினார் சபைக் கன்னியர் வாழ்ந்த மடத்திலேயே அமைந்திருக்கிறது. வீட்டில் வைத்திருப்போர், கத்தியைத் தோலுறைக்குள் திணிக்காமல், எண்ணெய் பூசி, காற்று புகும் உலர்ந்த இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கட்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்து எண்ணெயைப் புதுப்பிக்கட்டும்.