மலைச் சாலை சரிந்தால் மண் அள்ளுவது மட்டும்தானா நம் பங்கு?



சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்து மலையை நோக்கிச் சென்றால் குப்பனூர் வரும். அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலை, சேர்வராயன் மலைக்கு இரண்டாவது வாயில் போன்றது. 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் முதன்மைச் சாலை அடைபட்டால், மலைவாழ் மக்களுக்கும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கும் குப்பனூர் வழியே கதி. இதுவும் அடைபட்டுவிட்டால் பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்கு இறக்குவதற்குக்கூட வழி தேடித் திண்டாட வேண்டியதுதான்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. உள்மாவட்டங்களுக்குள் நுழைந்து, ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏற்காட்டு மலைப் பாதையிலும் மண் சரிந்தது. அந்நாள்களில் தொலைக்காட்சியில் நாம் கண்ட காட்சி என்ன? மஞ்சள் நிற ஜே.சி.பி. இயந்திரங்கள், டிப்பர் லாரிகள், நனைந்த உடலோடு பாறையைப் புரட்டும் தொழிலாளர்கள். அந்த இயந்திரங்களை வைத்திருப்பவர்களில் நம் வீடுகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பணிக்கான அரசின் ஒப்பந்தத்தில் அவர்களுடைய பெயர் இருப்பது அரிது. ஏன் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒரு தகப்பனார் இழந்தது

என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தகப்பனார், இரண்டு ஜே.சி.பி. வைத்துத் தொழில் செய்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், பெரிய ஒப்பந்ததாரர் ஒருவரின் ஆள் இரவு 11 மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "வண்டியை உடனே அனுப்புங்கள் பாய், பணம் எங்கே போய்விடும்?" என்றார். இவரும் இரு வண்டிகளையும் அனுப்பினார். ஐந்து நாள் இரவு பகலாக வேலை நடந்தது. டீசல் இவருடையது, ஓட்டுநர் கூலியும் இவருடையது. கையெழுத்திட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வேலை முடிந்தபின், "மூன்று நாள்தான் ஓடியது" என்றார்கள். அதற்கான பணமும் தவணை தவணையாக, பாதிதான் வந்தது. ஓராண்டுக்குள் ஒரு வண்டியை விற்க நேர்ந்தது.

அதே இடத்தில் தடுப்புச் சுவர் கட்டுவதற்குப் பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அந்த மண்ணின் தன்மையை இவரைவிட நன்கறிந்தவர் இல்லை. இருந்தும், பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் அல்லர் என்பதால் இவரால் கலந்துகொள்ளவே இயலவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று திருமறை கட்டளையிடுவதை அவருடைய மகனுக்கு ஓதிக் கொடுத்தவன் நான். தகப்பனாருக்கு அதை நினைவூட்டத் தவறினேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. நான் கலைப் பட்டம் பெற்ற ஆசிரியன். வணிகம் படித்தவன் அல்லேன். அவருக்காக விதிகளைத் தேடிப் படித்தபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பணம் வரும் வழி

பேரிடர்ப் பணிகளுக்கான அரசுப் பணத்தின் பெரும் ஊற்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதில் 75 விழுக்காடு மத்திய அரசின் பங்கு. 25 விழுக்காடு மாநில அரசின் பங்கு. 2021-26 காலத்திற்கு 15ஆவது நிதிக்குழு வகுத்த முறையில், மொத்தப் பேரிடர் நிதியில் 40 விழுக்காடு உடனடி நிவாரணத்திற்கும், 30 விழுக்காடு சீரமைப்பிற்கும், 20 விழுக்காடு இனி ஏற்படாமல் தணிப்பதற்கும், 10 விழுக்காடு ஆயத்தப் பணிகளுக்கும் என ஒதுக்கப்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மழை கொட்டும் நாளில் மண் அள்ளுவதோடு வேலை முடிவதில்லை. தடுப்புச் சுவர், வடிகால், சிறுபாலம், சாலை மறுசீரமைப்பு என்று அடுத்து வரும் மாதங்களிலும் பணிகள் தொடர்கின்றன.

ஆகவே இப்பணிகளை இரண்டு கட்டங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சட்டம் வேறு. நாம் செய்ய வேண்டிய ஆயத்தமும் வேறு.

முதற்கட்டம்: ஒப்பந்தப்புள்ளி இல்லாத நாள்கள்

மண்ணுக்கடியில் மனிதர் சிக்கியிருக்கையில் விளம்பரம் கொடுத்து விலை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எனவே 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 50ஆவது பிரிவில், மீட்புக்கும் நிவாரணத்திற்கும் உடனடியாகத் தேவைப்படுபவற்றை வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறையின்றி வாங்க அனுமதிக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் (1998), அரசு அறிவிக்கும் இயற்கைப் பேரிடர்க் காலக் கொள்முதலுக்கு விலக்களிக்கிறது.

அப்படியானால் அதிகாரிகள் யாரை அழைப்பார்கள்? ஏற்கெனவே அறிந்தவரைத்தான்! எனவே இக்கட்டத்தில் போட்டி மழைக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே நெடுஞ்சாலைத் துறையின் கோட்ட அலுவலகத்திற்கும், வட்டாட்சியர் அலுவலகத்திற்கும், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்னிடம் இத்தனை இயந்திரங்கள் உள்ளன, இத்தனை ஓட்டுநர்கள் உள்ளனர், மணி வாடகை இவ்வளவு, இரவில் அழைக்க வேண்டிய எண் இது என்ற விவரங்களுடன், வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் நகல்களை இணைத்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கி வையுங்கள். ஜெனரேட்டர், தார்ப்பாய், போர்வை, சமைத்த உணவு வழங்கக்கூடியவர்களுக்கும் இதுவே வழி.

அழைப்பு வந்தால் ஓடத்தான் வேண்டும். உயிர் காக்கும் வேலையில் காகிதத்தைக் காரணம் காட்டித் தயங்கலாகாது. ஆயினும் யாருடைய உத்தரவின்பேரில் வந்தோம் என்பதைக் களத்திலுள்ள பொறியாளரிடம் அன்றே ஒரு வரியில் எழுதி வாங்கிவிட வேண்டும். வண்டி எத்தனை மணிக்கு இயங்கத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது என்று நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் பெற வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் நிழற்படம் எடுக்க வேண்டும். அந்தத் தகப்பனார் இழந்த இரண்டு நாள் வாடகையை இந்தக் குறிப்பேடு காப்பாற்றியிருக்கும்.

இரண்டாம் கட்டம்: போட்டி

நிரந்தரச் சீரமைப்புப் பணிகளுக்கு வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறை திரும்பி வருகிறது. சட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாள்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாள்களும் அவகாசம் தர வேண்டும். இந்த அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

பதினைந்து நாள் என்பது விலைக் கணக்குப் போடுவதற்கே சரியாக இருக்கும். பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரிக் கணக்குகள், வட்டாட்சியர் தரும் சொத்து மதிப்புச் சான்று, முன்பு செய்த பணிகளுக்கான நிறைவுச் சான்றுகள், இணையவழி ஒப்பந்தப்புள்ளிக்கு இன்றியமையாத மின்னணுக் கையொப்பம் ஆகியவை அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். தமிழக அரசின் இணையவழி ஒப்பந்தப்புள்ளித் தளத்தை வாரம் இருமுறையாவது பார்க்க வேண்டும். பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் நம் பெண்மக்களிடம் இப்பொறுப்பை ஒப்படையுங்கள். வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க, குடும்பத் தொழிலை உயர்த்தும் வேலை இது.

முதலிலேயே பெரிய பணிக்கு ஆசைப்பட வேண்டாம். தொடக்க நிலை வகுப்பில் பதிவு செய்து, ஊராட்சியின் ஒரு வடிகாலையோ ஒரு சிறுபாலத்தையோ செம்மையாகக் கட்டி, நிறைவுச் சான்று பெறுங்கள். அடுத்த வகுப்புக்கான ஏணிப்படி அந்தச் சான்றுதான்.

விலையில் விழும் குழி

குறைந்த விலை கேட்டவருக்கே பணி என்பது பொது விதி. எனவே எப்படியாவது பணியைப் பிடித்துவிட வேண்டும் என்று மதிப்பீட்டிற்கு மிகவும் கீழே விலை எழுதுவோர் உண்டு. சமவெளியில் இதனால் நஷ்டம் வரும். மலையில் உயிர்ச்சேதமே வரும்.

சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. அதன்மேல் காலங்காலமாகச் சிதைந்த மண் போர்வை போல் படிந்திருக்கிறது. மழைநீர் அம்மண்ணில் ஊறினால், அதன் கனமும் நீரழுத்தமும் சேர்ந்து சரிவை உண்டாக்குகின்றன. ஆகவே தடுப்புச் சுவரின் உயிர் அதன் நீர்க்கசிவுத் துளைகளிலும், பின்புறம் நிரப்பும் கல் அடுக்கிலும், மேற்புற வடிகாலிலும் இருக்கிறது. விலையைக் குறைத்து எழுதியவர் முதலில் கைவைப்பது கண்ணுக்குத் தெரியாத இவற்றில்தான். அடுத்த மழையில் சுவர் சரியும்போது, கீழே வருவது பள்ளிக்கூடப் பேருந்தாகவும் இருக்கலாம். ஒப்பந்தப் பணி ஓர் அமானிதம் என்பதை மலையில் கட்டுபவன் மறக்கலாகாது.

எனவே விலை எழுதும் முன் இடத்தை நேரில் பாருங்கள். ஜல்லியும் சிமெண்டும் எத்தனை வளைவுகள் ஏறி வர வேண்டும், சரிந்த மண்ணை எங்கே கொட்டுவது, மழையால் எத்தனை நாள் வேலை நிற்கும் என்று கணக்கிடுங்கள். 2022 ஜூலை முதல் அரசுக்குச் செய்யும் கட்டுமானப் பணிகள் பெரும்பாலானவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. பட்டியல் தொகையில் வருமான வரிக்காகத் தனிநபருக்கு 1 விழுக்காடும், கூட்டு நிறுவனத்திற்கு 2 விழுக்காடும் பிடிப்பார்கள். இவற்றுடன் காப்புத்தொகையும் நிறுத்தி வைக்கப்படும். இவற்றைக் கணக்கில் சேர்க்காதவருக்கு, கையிலே பணி இருக்கும். பையிலே பணம் இருக்காது.

தனிமரம் தோப்பாகாது

முதலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வட்டிக்கு வாங்கித் தொழில் செய்து இரவுத் தூக்கத்தை இழக்க வேண்டாம். இயந்திரம் உள்ளவரும், கல் குவாரி உள்ளவரும், கட்டடம் கட்டத் தெரிந்தவரும், கணக்குத் தெரிந்தவரும் ஒன்று சேர்ந்து, இலாப நட்டப் பங்கைத் தெளிவாக எழுதி, 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நிறுவனமாகப் பதிந்து, அதன் பெயரிலேயே ஒப்பந்ததாரர் பதிவும் பெறலாம்.

இதற்கு அண்டை மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. கோழிக்கோடு மாவட்டம் வடகரைப் பகுதியில் 1925இல் தொழிலாளர்கள் கூடித் தொடங்கியது ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் அழிந்தபின், வீடிழந்தோருக்குக் கல்பற்றாவில் குடியிருப்பு நகரம் கட்டும் பொறுப்பைக் கேரள அரசு 2025இல் இச்சங்கத்திடம் ஒப்படைத்தது. கூலிக்கு மண் சுமந்தவர்களின் சங்கம், நூறாண்டு உழைப்பால் அந்த இடத்தை அடைந்திருக்கிறது.

ஒன்று சேர்வது வேறு. போட்டியாளர்கள் மறைவாகக் கூடி, "இம்முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு" என்று விலை பேசி வைப்பது வேறு. பின்னது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். நமக்கு அநீதி நேர்ந்ததாகக் கருதினால், ஒப்பந்தப்புள்ளி குறித்த ஆணை கிடைத்த 10 நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டமே தருகிறது. தேநீர்க் கடையில் புலம்புவதால் பயன் இல்லை.

வாசகர்களே! அந்தத் தகப்பனார் இப்போது தொடக்க வகுப்பில் பதிவு செய்துவிட்டார். ஓர் ஊராட்சி வடிகால் பணியை முடித்து, முதல் நிறைவுச் சான்றையும் வாங்கிவிட்டார். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை, கோப்பில் வைத்திருக்கிறார். அடுத்த பருவமழை வரும். குப்பனூர்ச் சாலையில் மண் சரியாதிருக்க நாம் வேண்டுவோம். சரிந்தால், முதலில் ஓடிச் சென்று வழி திறப்பவர்களாக மட்டுமன்றி, மறுபடியும் சரியாத சுவரை எழுப்பும் பொறுப்புடையவர்களாகவும் நம் பிள்ளைகள் இருக்கட்டும். அதற்கான விண்ணப்பத்தை, வானம் வெளுத்திருக்கும்போதே எழுதுங்கள்.