கார்டு கடனுக்கும் பேச்சுவார்த்தை உண்டு



கடன் என்பது நமக்குப் புதிய சரக்கல்ல. கங்காணியின் முன்பணத்தோடு கப்பலேறி வந்த சமுதாயம் நாம். தோட்டத்துக் கடையின் பற்றுப் புத்தகம், சம்பள நாளன்று வாசலில் காத்து நின்ற வட்டிக்காரர், தாலிக்கொடியை வாங்கி வைத்துக்கொண்ட அடகுக் கடை என்று நம் பாட்டன் காலந்தொட்டு எல்லாக் கடனையும் பார்த்துவிட்டோம். இப்போது நம் வீட்டுக்குள் வந்திருப்பது சட்டைப் பையில் அடங்கும் கிரெடிட் கார்டு.

செனாய், கூலாய் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனை நின்ற பல இடங்களில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்டன. அப்பா குலை வெட்டுகிறார். பிள்ளை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். கார்டு வாங்க ஆண்டு வருமானம் 24,000 வெள்ளியாவது இருக்க வேண்டும் என்பது விதி. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 12 மாதத்துக்குப் பெருக்கினால் 20,400 வெள்ளிதான். ஆகவே அடிப்படைச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் அப்பாவுக்குக் கார்டு இல்லை. ஓவர்டைம் செய்யும் பிள்ளைக்கு உண்டு. ஓவர்டைம் நின்றுபோனால் கடன் மட்டும் நிற்கிறது.

சங்க வேலையாகப் போகும் வீடுகளில் நான் பார்ப்பது என்ன? வங்கிக் கடிதங்கள் உறை பிரிக்கப்படாமலே சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கின்றன. போன் அடித்தால் எடுப்பதில்லை. "யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணே, மானம் போயிடும்" என்கிறார்கள். கடன்பட்டது குற்றமல்ல, தோழர்களே. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நம்மை மூழ்கடிக்கிறது.

வட்டி ஏறும் விதம்

கார்டு வட்டிக்குப் பேங்க் நெகாரா உச்சவரம்பு வைத்திருக்கிறது. 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, 10 மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. தாமதக் கட்டணம் பாக்கியில் 1 விழுக்காடு. குறைந்தது 10 வெள்ளி, கூடினால் 100 வெள்ளி.

6,000 வெள்ளி பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காடு என்றால் மாத வட்டி சுமார் 90 வெள்ளி. தாமதக் கட்டணம் 60 வெள்ளி. ஒன்றும் கட்டாமல் இருந்தால் ஒரே மாதத்தில் 150 வெள்ளி ஏறிவிடும். கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையோ, பாக்கியில் 5 விழுக்காடு. அதாவது 300 வெள்ளி. "300 கட்ட முடியாதே, அப்புறம் எதுக்குப் பேசறது?" என்று பிள்ளை விட்டுவிடுகிறான். அங்கேதான் பேச்சு ஆரம்பிக்க வேண்டும்.

மேசைக்குப் போகும் முன்

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த காலத்திலிருந்து முதலாளிமாரோடு மேசையில் உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள் நாம். கணக்கில்லாமல் யாராவது பேச்சுவார்த்தைக்குப் போனதுண்டா? வங்கியிடமும் அப்படித்தான் போக வேண்டும்.

முதலில் எல்லா உறையையும் பிரியுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். விளங்காவிட்டால் பிரித்துக் காட்டச் சொல்லி வங்கியிடமே கேளுங்கள். அடுத்து, மூன்று மாதச் சம்பளச் சீட்டை எடுத்து வைத்து, அரிசி, வாடகை, மின்சாரம், பள்ளி வேன், மோட்டார் தவணை எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். 200 வெள்ளிதான் மிஞ்சுகிறதா? அந்த 200-ஐயே சொல்லுங்கள். ரோஷத்துக்காக 400 என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் தவறினால், அடுத்த முறை உங்கள் பேச்சை யார் நம்புவார்?

பிறகு கடன் பிரிவுக்குப் பேசுங்கள். பெரிய மலாய் தேவையில்லை. "சாயா மாவ் பாயார், தாப்பி மிந்தா அன்சுரான்" என்றால் போதும்: கட்ட விரும்புகிறேன், தவணை கேட்கிறேன். பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தரவும், வட்டியைக் குறைக்கவும், தாமதக் கட்டணத்தைத் தள்ளவும் கேளுங்கள். வட்டி கல்லில் வெட்டிய எழுத்தல்ல. 2020-இல் கோவிட் காலத்தில் கார்டு பாக்கியை 13 விழுக்காட்டுக்கு மேற்படாத வட்டியில், 3 ஆண்டுவரை தவணைக் கடனாக மாற்ற வங்கிகள் வழி செய்தன. அந்தக் கணக்கில் 6,000 வெள்ளிக்கு மாதம் சுமார் 202 வெள்ளி. 18 விழுக்காட்டிலேயே 3 ஆண்டுத் தவணை கிடைத்தாலும் சுமார் 217 வெள்ளிதான். 300 முடியாத வீட்டுக்கு இது முடியக்கூடும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், கேட்டால்தான் கிடைக்கும்.

எது ஒப்புக்கொள்ளப்பட்டாலும் எழுத்தில் வாங்குங்கள். "மொத்தமா இவ்வளவு கட்டு, முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னாலும், வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். அதையும் வங்கிக் கணக்கில் கட்டி ரசீதை வையுங்கள். வசூலுக்கு வந்தவர் கையில் கொடுக்காதீர்கள்.

வங்கி மசியாவிட்டால்

பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. ஜொகூர் பாருவிலும் அதற்குக் கிளை உண்டு. தலைமை நிலையத் தொலைபேசி 03-2616 7766. பல வங்கிக் கடன்களை ஒன்றுசேர்த்து, உங்கள் சார்பில் வங்கிகளிடம் பேசி, ஒரே மாதத் தவணையாக்கித் தருவார்கள். ஒரு காசு கட்டணம் இல்லை. கார்டை விட்டுவிட வேண்டியிருக்கும், அது நல்லதே. "ஏ.கே.பி.கே. ஏஜெண்டு நான், 500 வெள்ளி கொடு" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள்.

பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் கார்டு கடனுக்குப் பிள்ளையே பொறுப்பு. நீங்கள் கையெழுத்துப் போடாத கடனுக்கு உங்களிடம் கேட்க முடியாது. வசூலுக்கு வருபவர் மிரட்டினாலும் புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவருடைய அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி வைத்து, வங்கியிடமும் பேங்க் நெகாராவிடமும் புகார் செய்யுங்கள்.

ஆலோங் பக்கம் போகாதீர்கள்

வங்கிக் கடனை அடைக்க ஆலோங்கிடம் ஓடுவது, கொசுவுக்குப் பயந்து பாம்புப் புற்றில் ஒளிவதாகும். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120 வெள்ளி வட்டி! 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டப்படி, உரிமம் பெற்றவர்கூட அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. அடமானம் இருந்தால் 12. யாரிடமும் ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிடாதீர்கள். சம்பளமே போய்விடும்.

பாலம் தாண்டும் வழி அடைபடக்கூடாது

திவால் வழக்குக்கான கடன் வரம்பு 2017-இல் 30,000-இலிருந்து 50,000 வெள்ளியாகவும், 2021-இல் 100,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. சின்னக் கடன்தானே என்று அலட்சியம் வேண்டாம். 6,000 வெள்ளிக்கும் வங்கி வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், பொருளை ஜப்தி செய்யலாம். நீதிமன்றக் கடிதம் வந்தால் அதில் போட்ட தேதிக்குப் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.

கார்டு, கார் கடன், தனிநபர் கடன் எல்லாம் சேர்ந்து வரம்பைத் தாண்டித் திவாலாகிவிட்டால், அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. விடிகாலை மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அது பிழைப்பையே அடைப்பதாகும்.

ஆகையால் தாய்மார்களே, இன்றிரவு சாமி படத்துக்குப் பின்னால் கை விட்டுப் பாருங்கள். உறை இருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார வைத்து, "எவ்வளவுப்பா?" என்று கேளுங்கள். மலாய்க் கடிதம் விளங்காவிட்டால் சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம். தொகை தெரிந்துவிட்டால் மறுநாளே வங்கிக்குப் போன் போடச் சொல்லுங்கள்.