தோட்டத்துக் கோகோவில் வீட்டுச் சாக்லேட் பலகாரம்!

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கோகோ பழகிப்போன ஊடுபயிர். காயைப் பறித்து உடைத்து, ஈரக்கொட்டையாகவோ காயவைத்தோ வியாபாரியிடம் எடைபோட்டுக் கொடுப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே வீட்டுப் பிள்ளைகளுக்கான சாக்லேட் மட்டும் கடையிலிருந்து வருகிறது.

கடைச் சாக்லேட் உறையில், எடையில் அதிகமான பொருள்தான் பட்டியலில் முதலாவதாக இருக்கும். பால் சாக்லேட் பலவற்றில் அந்த இடம் சர்க்கரைக்குத்தான். விலை குறைந்த ரகங்களில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும். தோப்பில் கோகோவும் தேங்காயும் இருக்கும் குடும்பம் இதைவிட நல்ல பலகாரத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

புளிக்கவைத்தால்தான் மணம்

பழுத்த காயிலிருந்து எடுத்த கொட்டையை அப்படியே காயவைத்தால் கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். சாக்லேட் மணத்துக்கு அடிப்படை, புளிக்கவைப்பதில்தான் உருவாகிறது. வீட்டுத் தேவைக்கு 2 கிலோ ஈரக்கொட்டை போதும். சிறிய மூங்கில் கூடையில் வாழை இலை விரித்து, கொட்டையைச் சதைப்பற்றோடு நிரப்பி, மேலே இலை மூடவேண்டும். மறுநாள் கனமான சாக்கைப் போர்த்தி வைத்தால் சூடு தங்கும். 3-ம் நாளும் 5-ம் நாளும் கிளறிவிட்டு, 6 நாள் முடிந்ததும் வெயிலில் பரப்பலாம். கையில் அள்ளிக் குலுக்கினால் சலசலக்கும் வரை காயவேண்டும். ஈரக்கொட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

காய்ந்த கொட்டையைக் கனமான இரும்பு வாணலியில் சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் கைவிடாமல் வறுக்கவேண்டும். தோல் வெடித்து மணம் வந்ததும் இறக்கி, ஆறியபின் கையால் நொறுக்கி, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். பருப்பை மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்க, முதலில் தூளாகும். பிறகு அதிலுள்ள கொழுப்பு இளகி விழுதாகும். பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு என்பதால் எண்ணெயோ தண்ணீரோ சேர்க்கவேண்டாம்.

வெல்லம் சேர்த்தால் கட்டியாவது ஏன்?

உருக்கிய சாக்லேட்டில் சில சொட்டுத் தண்ணீர் பட்டாலே இறுகித் திரிந்துவிடும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் ஈரம் உண்டு. அதனால்தான் அவற்றைப் போட்டு வீட்டில் சாக்லேட் கட்டி வார்க்க முயல்பவர்களுக்குப் பதம் தவறுகிறது. தேங்காய்ப்பால் போல நீர் தாராளமாக உள்ள பலகாரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. எனவே கடைக் கட்டியைப் போலச் செய்ய மெனக்கெடாமல், நம் வீட்டுப் பக்குவத்துக்கு ஏற்றதைச் செய்வதே நல்லது.

கோகோ உருண்டை: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100 கிராம், விதை நீக்கிய பேரீச்சை 150 கிராம், கோகோ விழுது 50 கிராம், ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை. கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்து, மற்றவற்றையும் சேர்த்து அரைத்து 20 உருண்டைகளாகப் பிடிக்கலாம். ஓர் உருண்டையில் இனிப்பு சுமார் 5 கிராம்தான். அதுவும் பேரீச்சையிலிருந்து வருவது.

ராகி கோகோ களி: ராகி மாவு 50 கிராமை 400 மில்லி இரண்டாம் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிளறவேண்டும். மாவு வெந்து கெட்டியானதும், 60 கிராம் கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் உருக்கி வடிகட்டி ஊற்றி, கோகோ விழுது 2 மேசைக்கரண்டி சேர்க்கவேண்டும். இறக்கியபின் முதல் பால் 100 மில்லி கலந்து 4 கிண்ணங்களில் ஊற்றினால், ஆறும்போது இறுகிவிடும்.

கருப்பட்டி என்றால் கணக்கில்லையா?

'கருப்பட்டிதானே, சர்க்கரை நோயாளியும் சாப்பிடலாம்' என்று நினைப்பது தவறு. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சேர்க்கும் இனிப்பை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. களி ஒரு கிண்ணத்தில் கருப்பட்டி மட்டுமே 15 கிராம். வீட்டுப் பலகாரத்தின் லாபம் இனிப்பின் அளவு நம் கையில் இருப்பதுதான். கோகோவின் கசப்பு நாக்குக்குப் பழகப் பழக, அந்த அளவை இன்னும் குறைக்கலாம்.

கவனிக்க: கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு. புடைத்த தோலையும் மீந்த பலகாரத்தையும் தோட்டத்து நாய்க்கு எட்டாமல் வையுங்கள். கோகோ தூக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால், சிறு பிள்ளைகளுக்கு இரவில் வேண்டாம்.