பழைய கேம் தண்டும் டப்பட்டும் மீண்டும் உதவுமா?

கட்டுக்கரைக் குளத்து நீரிற் காலபோகம் செய்யும் கமக்காரருக்கும், கிணற்று நீரால் மிளகாய், கத்தரி வளர்ப்போருக்கும் எஞ்சின் நின்றால் வேலை முழுவதும் நின்றுவிடும். திருத்தும்போது எல்லா உறுப்புகளையும் புதிதாக வாங்குதல் பலருக்கு இயலாது. பழைய கேம் தண்டையும் தட்டையடி டப்பட்டுகளையும் சோதித்தறிந்து மீண்டும் பூட்டலாம்.

இவ்விரண்டும் நெடுநாள் உரோஞ்சி ஒன்றோடொன்று இணங்கியவை. ஆகையாற் கழற்றும்போதே அடையாளமிட்டு, எந்தக் கேமின் மேல் இருந்ததோ அதன் மேலேயே டப்பட்டை வைத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாளி மண்ணெண்ணெயிற் கொட்டிக் கழுவும் வழக்கமே பெருங்கேடு. இடம் மாறிய டப்பட் கேமின் மூக்கை அரைக்கும். அவ்விரும்புத் தூள் எண்ணெயோடு சென்று பெயரிங்குகளையும் கெடுக்கும். சேமித்த பணம் அத்தோடு போயிற்று.

டப்பட்டின் அடிமுகத்தில் உருக்கு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி வெளிச்சத்திற் பாருங்கள். முகம் மட்டமாகவோ சற்றே குவிந்தோ இருப்பின் நன்று. நடுவில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அது குழிந்துவிட்டது, கழித்துவிடுக. மன்னார்க் கரையின் உப்புக் காற்றிலே திறந்து கிடந்த எஞ்சினில் துருவையும் தேடுக. நகத்திற்குத் தட்டுப்படும் குழியை அரத்தாளால் தேய்த்து மறைப்பது வீண்.

நல்ல பழைய கேமிற் புதிய டப்பட் பூட்டலாம். புதிய கேமிற் பழைய டப்பட் ஒருபோதும் ஆகாது. பூட்டுமுன் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, வால்வு இடைவெளியைக் கைந்நூலிற் கண்டபடி வைக்க. புதிய டப்பட் பூட்டியிருப்பின் முதல் 20 நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓட்டுக. மெதுவாக ஓடினால் கேமிற்குப் போதிய எண்ணெய் தெறிக்காது.