கிளீனர் சீட் காலி

திண்டுக்கல் மாவட்டத்தில் சாணார்பட்டி, கோபால்பட்டி, நத்தம் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய லாரி டிரைவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டிரைவிங் ஸ்கூலில் படித்ததாக ஒருவரும் சொல்லமாட்டார். யார் வண்டியில் கிளீனராக ஏறினார், எத்தனை வருஷம் இருந்தார் என்றுதான் கதை தொடங்கும். மாங்காய் லோடோ புளி லோடோ ஏற்ற ஊருக்குள் வந்த வண்டியில் ஒட்டிக்கொண்டு போன பையன்கள் அவர்கள். வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள், பையன் அந்நேரம் பெல்லாரி தாண்டியிருப்பான்.

முதல் ஆறு மாதத்துக்கு ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். வண்டி கழுவுவது, கிரீஸ் அடிப்பது, ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றுவது, மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடி பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, இவைதான் பாடம். டயரில் லிவரால் ஒரு தட்டு தட்டினால் வருகிற சத்தத்திலேயே காற்று இறங்கியிருக்கிறதா என்று சொல்லத் தெரிய வேண்டும். தார்ப்பாய் இழுத்துக் கட்டக் கற்றுக்கொண்டவனுக்கு, லோடு எந்தப் பக்கம் சாயும் என்பது கேட்காமலே புரிந்துவிடும். ராத்திரி டிரைவர் கண் அசராமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவதும் அவன் வேலைதான். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

பிறகுதான் கியர். அந்தக் காலத்து லாரியில் கியர் போடுவது இன்றைக்கு மாதிரி தள்ளினால் விழுகிற விஷயமில்லை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை ஒரு முறை கொடுத்து, இன்ஜின் வேகம் ஏறியதும் மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். தப்பினால் கரகரவென்று சத்தம் வரும், பக்கத்தில் இருப்பவரிடமிருந்து மண்டையில் ஒரு குட்டும் வரும். நத்தம் ரோட்டிலிருந்து பிரிகிற சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். வாழைத்தார் ஏற்றிய வண்டியை அதில் கீழே இறக்குவதுதான் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு உண்மையான பரீட்சை. “எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்லதான்டா இறங்கணும், பிரேக்க நம்பாத” என்று ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் இன்றைக்கும் பேரனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேரன் ஓட்டுவது பவர் ஸ்டியரிங், ஏர் பிரேக் வண்டி. ஆனாலும் இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போவது இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான்.

லைசென்ஸ் அப்போது கடைசியில் வந்தது. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூன் வரை நடப்பில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதே 1985-இல்தான்; அதற்கு முன் எல்லாவற்றுக்கும் மதுரைதான் தலைமை. டிரைவர் கைகாட்டி, முதலாளி தலையாட்டி, பையன் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டும்போது அவன் உண்மையில் பல ஆயிரம் மைல் பழகியிருப்பான். அந்தப் பழக்கத்தில் பாதி சட்டவிரோதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடியற்காலை ஆளில்லாத ரோட்டில் லைசென்ஸ் இல்லாத பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்து அடிபட்டவர்கள், செத்தவர்கள் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. படிப்பு போனது, அடி உதை, சம்பளம் என்று சொல்ல முடியாத சம்பளம் என்று அந்தக் குருகுலத்தில் புகழ முடியாதவை நிறைய உண்டு.

1989 ஜூலை 1-இல் 1988-ஆம் வருஷத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வணிக வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும். லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் கழிந்த பிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். டிரைவிங் ஸ்கூலில் பயின்றதற்கான படிவம் 5 வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஹெவி பயிற்சி குறைந்தது 30 நாள், அதில் ஸ்டியரிங் பிடிப்பது குறைந்தது 15 மணி நேரம். எழுத்தில் பார்த்தால் பழையதைவிட எவ்வளவோ மேல். நடப்பில் அந்த 15 மணி நேரம் எத்தனை பேருக்கு முழுதாகக் கிடைக்கிறது என்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் டீ குடிக்கிற எவருக்கும் தெரியும். கிடைத்தாலும் அது காலி வண்டியில். பத்து டன் சரக்கு முதுகில் இருக்கும்போது வண்டி நிற்க எவ்வளவு தூரம் எடுக்கும் என்பதைக் காலி வண்டி சொல்லித் தராது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2007-இல் வணிக வண்டி லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்றார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்து பள்ளிக்கூடம் போகாதவன் வெளியே நின்றான். எட்டாவது பாஸ் செய்து ஓட்டத் தெரியாதவன் உள்ளே போனான். 2019-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி. பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

அதே 2019 திருத்தம் வணிக லைசென்ஸின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கியது. பலர் கவனிக்காத இன்னொன்றும் அதில் இருக்கிறது. லைசென்ஸ் காலாவதியாகி ஐந்து வருஷம் வரை டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம் என்று முன்பு இருந்தது; இப்போது ஒரு வருஷம் தாண்டினாலே மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். வளைகுடாவில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

சாணார்பட்டி ரோட்டில் இன்று அதிகம் ஓடுவது பெரிய லாரி இல்லை. டாடா ஏஸ், பிக்கப், டிராக்டர். இவற்றுக்கு எந்த லைசென்ஸ் என்பதே பெரிய வழக்காகிவிட்டது. 1994 திருத்தம் மீடியம், ஹெவி என்ற பிரிவுகளை ஒன்றாக்கிப் ‘போக்குவரத்து வாகனம்’ என்று பெயர் வைத்த பிறகு, லைட் லைசென்ஸ் வைத்திருப்பவர் சின்ன சரக்கு வண்டி ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்தன. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் லைட் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2024 நவம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. டிராக்டருக்கு லைசென்ஸ் இருந்து பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தால் லைசென்ஸ் செல்லாமல் போகாது என்று 2001-இலேயே தீர்ப்பு உண்டு. பிழைப்புக்கு இவை நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் தேங்காய் ஏற்றிய டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அந்த டிராக்டர்காரருக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அவர் வேலி ஒடித்துத்தான் கற்றுக்கொள்கிறார்.

கட்டி இழுக்கிற விஷயமும் அப்படித்தான். பிரேக்டவுன் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் நடுவில் ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, பின் வண்டியிலும் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 1989 சாலை விதிமுறைகள் சொல்லின. அன்று கிளீனர்களுக்கு இது விதியாகத் தெரியாது, பழக்கமாகத் தெரியும். இன்று ரோட்டோரம் பார்க்கிற இழுவைகளில் விதியும் இல்லை, பழக்கமும் இல்லை.

இந்தப் பயிற்சிக் குறைக்கு அரசிடம் பதில் இல்லாமல் இல்லை. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் ஹெவிக்கு 38 மணி நேரம். சிமுலேட்டரும் சொந்த டிராக்கும் வேண்டும். அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. டெஸ்ட் கிடையாது. சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி நிலையம் இருக்கிறது. சாணார்பட்டிப் பையனுக்குக் கும்மிடிப்பூண்டி மாநிலத்தின் மறு கோடி. நாமக்கல்லில் தங்கிப் படிக்க வேண்டுமானால் அந்த மாதம் வீட்டுக்கு வருமானம் இல்லை.

இதற்கிடையில் கிளீனர் மறைந்துவிட்டான். கட்டுப்படியாகவில்லை என்று முதலாளிகள் நிறுத்திவிட்டார்கள். பெற்றோரும் பிள்ளையைக் கிளீனராக அனுப்பத் தயாரில்லை, அதில் தப்பும் இல்லை. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். அந்தக் குளிர்ந்த கேபினில் இடதுபக்க சீட் காலியாகவே போகிறது. பழைய முறையில் கைப்பழக்கம் முதலில், லைசென்ஸ் பிறகு. புதிய முறையில் லைசென்ஸ் முதலில். கைப்பழக்கம் மற்றவர்கள் நடமாடுகிற ரோட்டில்.

புது லைசென்ஸ்காரரை முதல் மூன்று மாதம் அனுபவசாலி பக்கத்தில் சம்பளத்தோடு உட்கார வைக்க லாரி முதலாளிகள் மனம் வைக்க வேண்டும். டயர் ஒன்று வெடித்து வண்டி சாய்கிற நஷ்டத்தைவிட அந்தச் சம்பளம் குறைவு. மகனை ஹெவி பழக அனுப்புகிற பெற்றோர், படிவம் 5-ஐ வாங்குவதற்கு முன் அந்த 15 மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் லோடு வண்டியில். அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள்.