தாயம் மெற்றிக்ஸ் ஆகும்போது

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்து, நல்ல இசெட் புள்ளியோடு விஞ்ஞான பீடத்துக்குப் போகும் எமது பிள்ளைகள் முதலாம் வருடத்திலேயே துவண்டு போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நான் தமிழ் படித்தவன், தமிழ் படிப்பிப்பவன். கணிதம் பற்றி எழுத எனக்கென்ன உரித்து என்று சிலர் கேட்கக்கூடும். விடுமுறையில் ஊருக்கு வரும் பழைய மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் மொழி பற்றியது என்பதால்தான் எழுதுகிறேன். "சேர், கணக்கு விளங்குது. லெக்சரர் சொல்ற வசனம்தான் விளங்குதில்ல" என்றாள் ஒரு பிள்ளை. அதுதான் விடயம்.

பதின்மூன்று வருடங்கள் தமிழில் கணிதம் படித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. கொழும்பு, பேராதனை என்றாலும், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் என்றாலும் நிலைமை இதுதான். தாயம் மெற்றிக்ஸ் ஆகிறது. துணிகோவை டிற்றேர்மினன்ட் ஆகிறது. காவி வெக்டர் ஆகிறது. சிக்கலெண், நியம விலகல், செவ்வன் பரம்பல் எல்லாம் பெயர் மாறி நிற்கின்றன. தமிழ் விளக்கம் தேடி யூடியூப்புக்குப் போனால் அங்கே தமிழ்நாட்டு ஆசிரியர் தாயத்தை அணி என்கிறார், சிக்கலெண்ணைக் கலப்பெண் என்கிறார், நியம விலகலைத் திட்ட விலக்கம் என்கிறார். ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள். பிள்ளை என்ன செய்யும்!

ஆனாலும் கலைச்சொல் பெரிய தடையல்ல என்பதே என் அபிப்பிராயம். இரண்டு நிரல் போட்ட ஒரு கொப்பியில் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் எழுதிக்கொண்டு போனால் ஒரு தவணைக்குள் கைவந்துவிடும். எமது கலைச்சொற்கள் பலவற்றில் விளக்கமும் ஒளிந்திருப்பது ஒரு வசதி. மாறற்றிறன் என்பதைப் பிரித்தால் மாறல், திறன். தரவுகள் இடையிலிருந்து எவ்வளவு மாறி நிற்கின்றன என்பதன் அளவுதான் அது. வேரியன்ஸ் என்று மட்டும் படித்தவருக்கு இந்த வசதி இல்லை. ஆகவே தமிழில் படித்ததை மறந்துவிட்டு வா என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதியை நான் ஏற்கமாட்டேன். பழைய உயர்தரக் கொப்பிகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

உண்மையான இடறல் கலைச்சொற்களுக்கு இடையிலுள்ள சிறிய சொற்களில்தான். லெட், சப்போஸ், ஹென்ஸ், சச் தட், இஃப் அன்ட் ஒன்லி இஃப். இவற்றை எந்தச் சொற்பட்டியலும் கற்பிப்பதில்லை. தமிழில் நிபந்தனை முன்னே வரும், பெயர் பின்னே வரும். பெயரெச்சத்தின் வேலை அது. 'இரண்டால் மீதியின்றி வகுபடும் எண்' என்போம். ஆங்கிலக் கணிதம் எண்ணை முதலில் நிறுத்திவிட்டு, சச் தட் என்று சொல்லி நிபந்தனையை அதன் வாலில் கட்டும். வசனத்தை நடுவில் வெட்டி வாசித்தால் நிபந்தனை கைநழுவிவிடும். நிபந்தனை போனால் நிறுவலும் போச்சு.

இன்னொன்று சொற்களின் ஒழுங்கு. 'ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு உண்டு' என்பது ஒரு கூற்று. 'ஒரு கிணறு உண்டு, அது எல்லா வீட்டுக்கும் பொது' என்பது வேறு கூற்று. இரண்டாவது உண்மையானால் முதலாவதும் உண்மையாகும்; மறுதலை அப்படியல்ல. முதலாம் வருடப் பகுப்பியலில் சார்பின் தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் இதேதான். முன்னதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி டெல்டா இருக்கலாம். பின்னதில் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே டெல்டா வேண்டும். ஃபோர் எவ்ரி முந்தியதா, தெயார் எக்ஸிஸ்ட்ஸ் முந்தியதா என்று பார்க்கப் பழகிய பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது.

புள்ளிவிபரவியலில் வேறொரு சிக்கல். அங்கே சாதாரண ஆங்கிலச் சொற்கள் உடுப்பு மாற்றி வருகின்றன. சிக்னிஃபிகன்ட் என்றால் முக்கியமானது என்று அகராதி சொல்லும். இங்கே அதன் பொருள், தற்செயலால் மட்டும் இப்படி வந்திருக்கும் என்று எளிதில் சொல்ல முடியாதது என்பதே. அற்பமான வித்தியாசம்கூட, மாதிரி போதியளவு பெரிதானால், சிக்னிஃபிகன்ட் ஆகலாம். எரர் என்பது யாரோ விட்ட பிழையல்ல.

இந்தப் பாடத்தை எமது சமூகம் தூரத்துச் சாமானாக நினைக்கிறது. ஆனால் 2001 முதல் ஒவ்வொரு வீட்டிலும் பேசப்படும் இசெட் புள்ளி, புள்ளிவிபரவியலின் முதல் அத்தியாயம்தான். பெற்ற புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. இடை 50, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 70 எடுத்தவருக்கு 2; இடை 60, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 70க்கு 1. இதில் பிசகினால் என்னவாகும் என்பதை 2011 உயர்தரப் பரீட்சையில் நாடே பார்த்தது. பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியோரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்ததால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இரு சாராரையும் வெவ்வேறு குடித்தொகைகளாகக் கொள்ள வேண்டும் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. குடித்தொகை என்றால் என்ன என்ற கேள்வி எத்தனையோ பிள்ளைகளின் பல்கலைக்கழக அனுமதியைத் தொட்டது.

இனி, கையிலுள்ள வளங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் இணைந்த கணித நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஒரே அத்தியாயத்தை இரண்டு மொழிகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது. தெரிந்த கணக்கு என்பதால் வசனத்தின் அமைப்பு மட்டும் கண்ணில் படும். அடுத்து, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ், நுண்கணிதத்துக்கும் ஆரம்பப் புள்ளிவிபரவியலுக்கும் முழுப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. எம்.ஐ.ரி. நிறுவனம் வெளியிட்டுள்ள கில்பேர்ட் ஸ்ட்ராங்கின் ஏகபரிமாண அட்சரகணித விரிவுரைகள் ஆறுதலான ஆங்கிலத்தில் அமைந்தவை. நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். தாயத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். புள்ளிவிபரவியலுக்கு ஆர் என்ற மென்பொருள். நியூசிலாந்தின் ஓக்லன்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபேர்ட் ஜென்ரில்மனும் தொடங்கியது. காசில்லை, பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

ஆனால் காணொளி கேள்வி கேட்காது. பிள்ளை எந்தச் சொல்லில் தடக்கி நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. இங்கிலாந்தில் லஃபரோ, கொவன்றி முதலிய பல்கலைக்கழகங்கள் கணித உதவி நிலையங்களை நடத்துவது இதனால்தான். முன்பதிவில்லாமல் மாணவர் வந்து உட்காரலாம், விளங்காததைக் கேட்கலாம். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள நாட்டுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது. அல்ஜிப்ரா எங்கட ஆட்கள் தந்தது, அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் அல்கோரிதம் வந்தது என்று விழா மேடைகளில் நாம் சொல்லாத வருடமில்லை. அந்த மேடைக்குச் செலவாகும் காசில் ஒரு வெண்பலகையும் பத்துப் புத்தகங்களும் வாங்கலாம்.

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை எமது பிள்ளைகள் பல மாதங்கள் காத்திருக்கிறார்கள். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குக் காசு கட்டுகிறார்கள். அங்கே சந்தையில் மீன் வாங்கப் பழக்குவார்கள், சச் தட் வராது. அந்த மாதங்களில், ஊர் நூலகத்திலோ மத்ரஸா மண்டபத்திலோ, வாரத்தில் இரண்டு பின்னேரம், பீடத்தில் இரண்டு வருடம் முடித்த ஒரு பிள்ளை இருந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கும் வசதியான நேரமாக, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வைக்கலாம். உதவிக்கு இருப்பவர் கணக்கைச் செய்து கொடுக்கக் கூடாது. முதலில் வினாவைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். பிறகு அதைத் தன் சொந்தத் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகுதான் பேனை.