ஓரம் குறுகுதா? எண்ணிப் பாருங்க!

எங்க வீட்டு மாடியில் குடியிருக்கும், ஒரகடம் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பெண்கள் லீவு நாளில் என்னிடம் குரோஷா பழகுகிறார்கள். சங்கிலி சுலபமாக வந்துவிடும். டபுள் குரோஷே ஆரம்பித்ததும் ஓரம் முக்கோணமாகக் குறுகும். "எனக்குக் கை வராதுக்கா" என்று ஊசியை வைத்துவிடுவார்கள்.

கையாவது, வராததாவது! திரும்பும்போது போடும் 3 சங்கிலியும் ஒரு கண்ணிக் கணக்குதான். அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணியை அந்தச் சங்கிலியின் உச்சியில் போடணும். அதை விட்டால் வரிசைக்கு ஒன்று குறையும். 20-ல் ஆரம்பித்தால் ஒவ்வொரு வரிசையிலும் 20 இருக்கணும், தோழிகளே.

2016 ஜனவரி 31-ல் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வைக்குக் கின்னஸ் சாதனை கிடைத்ததே, அது பல பெண்கள் பின்னிய போர்வைகளை இணைத்ததுதான். ஓரம் நேராக இல்லாமல் எப்படி இணைப்பது?

அக்கா வளைகாப்புக்குள் குட்டிப் போர்வை முடிக்கணும் என்று ஒரு பெண் இப்போது பஸ்ஸிலும் எண்ணிக்கொண்டே போகிறாள்.

- ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்